அறுபது தப்படி

மீட்டர் சாரின் இடுப்பு எலும்பு உடைந்தது குளியலறையில் வழுக்கி அல்ல. பூங்காவின் கற்சுவர் இடுக்கில் ஒரு டப்பாவைச் செருகிவிட்டு, அது வெளியே தெரிகிறதா என்று பார்க்கப் பின்னால் நகர்ந்தார். பின்னால் தரை இல்லை. நான்கு படிகள் இருந்தன.

"வயசானவங்க பாத்ரூம்ல விழுவாங்க. அதுலயாவது ஒரு மரியாதை இருக்கு. இவர் எப்படி விழுந்தார்னு கேக்கறவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது அக்கா?" என்றார் அவருடைய மனைவி. நான் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. அந்த அம்மா தையல்காரர். பேசும்போதும் இயந்திரம் நிற்காது. வாயில் இரண்டு குண்டூசி இருந்தால்கூடப் பேச்சு நிற்காது.

நான் முதியோர் பராமரிப்பில் ஆறு மாதம் பயிற்சி பெற்றவள்; இருபத்தோரு வருடம் அந்த வேலை பார்த்தவள். எல்லா வீட்டிலும் "சிஸ்டர்" என்று கூப்பிடுவார்கள். நர்ஸ் இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். மீட்டர் சார் வீட்டில் எனக்கு எட்டு வாரம். அவருக்கு எழுபத்தொரு வயது, எனக்கு அறுபத்தேழு.

நீர் வாரியத்தில் நாற்பது வருடம் மீட்டர் கணக்கெடுத்தவர். அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் மீட்டர் சார். அந்தக் காலத்துப் பதிவேட்டில் ஒவ்வொரு வீட்டு மீட்டரும் எங்கே புதைந்திருக்கிறது என்பது தப்படிக் கணக்கில் இருக்கும். வாசல் மூலையிலிருந்து ஒன்பது தப்படி, பிறகு வலப்பக்கம் மூன்று. மண்ணும் புல்லும் மூடியிருந்தாலும் இவர் நடந்து நின்ற இடத்தில் குச்சியால் தட்டினால் இரும்பு மூடி சத்தம் போடுமாம். "என் தப்படி முக்கால் மீட்டர், சிஸ்டர். எழுபத்தஞ்சு சென்டிமீட்டர். நாப்பது வருஷத்துல ஒரு விரக்கடை மாறல" என்பதை முதல் வாரத்திலேயே ஆறேழு தடவை கேட்டுவிட்டேன்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது தெருமுனையில் நிற்கும் தபால்பெட்டி அல்ல. தண்ணீர் புகாத சிறிய டப்பாவுக்குள் ஒரு நோட்டும், கையால் செதுக்கிய ரப்பர் முத்திரை ஒன்றும் வைத்து, பொதுப் பூங்காவில் எங்காவது ஒளித்துவிட வேண்டும். அதைத் தபால்பெட்டி என்கிறார்கள். எங்கே இருக்கிறது என்று புதிர்போல ஒரு குறிப்பு எழுதி, கைபேசியில் பார்க்கும் அவர்களுடைய பட்டியலில் போட வேண்டும். அதைப் படித்துவிட்டு மற்ற பெட்டிக்காரர்கள் தேடி வருவார்கள். கண்டெடுத்தால் தங்கள் முத்திரையைப் பெட்டியின் நோட்டில் குத்துவார்கள், பெட்டியின் முத்திரையைத் தங்கள் நோட்டில் குத்திக்கொள்வார்கள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். பரிசு கிடையாது. கைதட்டல்கூடக் கிடையாது. முதலில் கேட்டபோது எனக்கு இது வெட்டி வேலையாகத் தோன்றியது. எட்டு வாரம் கழித்தும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒரு மனிதனை நாற்காலியிலிருந்து எழுப்ப எது உதவினாலும் எனக்குச் சம்மதம்.

எழுப்புவதுதான் பெரும்பாடாக இருந்தது. காலையும் மாலையும் வாக்கர் பிடித்து நடக்க வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தார். இவரோ, உயரம் கூட்டுவதற்காக இரண்டு மெத்தை போட்ட நாற்காலியில் மூட்டை மாதிரி உட்கார்ந்திருப்பார். கெஞ்சினால் கண்ணை மூடிக்கொள்வார். அதட்டினால் காதையும் மூடிக்கொள்வார்.

"எதுக்கு நடக்கணும்? எங்க போகணும்?"

"எதிர்ல இருக்கிற பார்க் வரைக்கும்."

"பார்க்ல எனக்கு என்ன இருக்கு? பதினோரு பெட்டி வச்சிருந்தேன். நான் ஆஸ்பத்திரியில படுத்திருந்த நேரம் பார்த்து பதினொண்ணும் போச்சு."

உண்மைதான். ஒன்று இருந்த மரப்பொந்தை மரத்தோடு வெட்டிவிட்டார்கள். ஒன்று ஒட்டியிருந்த பெஞ்சையே மாற்றிவிட்டார்கள். ஒன்றுக்குள் கரையான் குடியேறி நோட்டைத் தின்றுவிட்டது. ஒன்றை யாரோ குண்டு என்று நினைத்துப் போலீசுக்குச் சொல்ல, அவர்கள் கயிறு கட்டி இழுத்துத் திறந்து பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனார்களாம். மீதியெல்லாம் காணவில்லை என்று தேடியவர்கள் எழுதி, ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டன.

அவரை அரித்துக்கொண்டிருந்தது பெட்டிகள் போனதுகூட இல்லை. பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. இவருடைய எண் நான்கு. தொடங்கி வைத்த நாலைந்து பேரில் ஒருவர். அவர்களில் இன்னும் பட்டியலில் இருப்பவர் இவர் மட்டும். உயிரோடு ஒரு பெட்டிகூட இல்லாதவர் எண்ணை இழப்பார் என்பது விதி. அந்த மாதக் கடைசி நாளுக்குள் இவர் ஒரு பெட்டி வைத்து, அதை யாராவது ஒருவர் கண்டெடுத்து முத்திரை குத்த வேண்டும். இல்லையென்றால் எண் நான்கு வேறு யாருக்கோ போய்விடும். மாதம் முடிய அப்போது இருபத்து மூன்று நாள் இருந்தது.

"சரி, நடக்கும்போது இடம் பாருங்க. ஆனா மூணு விதி இருக்கு, மீறக் கூடாது" என்றேன்.

அந்த மூன்று விதிகளையும் பெரிய எழுத்தில் எழுதி அவர் எதிரே சுவரில் ஒட்டியிருந்தேன். இடுப்பை மடக்கிக் குனியக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. ஆபரேஷன் ஆன காலை ஊன்றிக்கொண்டு உடம்பைத் திருப்பக் கூடாது. மீறினால் புதிதாக வைத்த மூட்டு நழுவும். மறுபடி ஆஸ்பத்திரிதான்.

அவர் மனைவிக்கு இது தெரியாது. "பெட்டின்னு ஒரு வார்த்தை வாயில வந்தா வாக்கரை ஒடிச்சுப் போடுவேன்" என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். நான் மறைத்தேன். என் வேலை அவரை நடக்க வைப்பது. மறைத்ததற்கு இன்றும் வருத்தமில்லை.

அப்புறம் தொடங்கியது தலைவலி. நல்ல ஒளிக்கும் இடமெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கிறது என்பது பூங்காவுக்குள் போன முதல் நாளே புரிந்துவிட்டது. வேர் இடுக்கு, கல் அடி, பெஞ்சின் கால், வடிகால் மூடி எல்லாமே குனிய வேண்டிய இடங்கள். அவர் குனியக் கூடாது. என் முதுகு குனியாது.

"நீங்க கொஞ்சம் குனிஞ்சு வச்சா என்ன சிஸ்டர்? பத்து செகண்ட் வேலை."

"குனிஞ்சுடுவேன். நிமிர்த்தறதுக்கு நீங்க ஆள் கூட்டிட்டு வரணும்."

உயரமான இடமென்றால் எல்லோருக்கும் தெரியும். மரக்கிளைப் பிரிவு நன்றாக இருந்தது. ஆனால் அதற்கு நேர் எதிரே தினமும் ஒரு காதல் ஜோடி உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் அவர்கள் எழுந்து போகக் காத்திருந்தோம். "வீடு வாசல் கிடையாதா இதுங்களுக்கு?" என்று இவர் பல்லைக் கடித்தார். நான்காம் நாள் அவர்கள் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், அதாவது வாக்கரோடு கால்மணி நேரம் ஊர்ந்துபோய்ப் பார்த்தால், அந்தப் பிரிவில் காக்கை கூடு கட்டத் தொடங்கியிருந்தது. கழிப்பறைக்குப் பின்னாலிருந்த குழாய்ப் பெட்டி அருமையான இடம். நீர் வாரியக்காரருக்கு அதைப் பார்த்ததும் முகமே மலர்ந்தது. பூட்டியிருந்தார்கள். அறிவிப்புப் பலகையின் முதுகில் ஒட்டலாம் என்றார். கையால் தொட்டதும் பலகை ஆடியது. செடிப் பாத்திக்குள் கால் வைக்கக் கூடாது, எதையும் தோண்டக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்று பெட்டிக்காரர்களின் விதிகள் வேறு. என் மூன்று, அவர்களுடைய மூன்று. கூட்டிக் கழித்தால் அத்தனை பெரிய பூங்காவில் ஒரு டப்பா வைக்க இடமில்லை.

இதற்கெல்லாம் மேலே தோட்டக்காரர். வாட்டசாட்டமான ஆள். இலைகளை ஊதித் தள்ளும் இயந்திரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு நாங்கள் எங்கே நின்றாலும் அங்கே வந்து ஊதுவார். மீட்டர் சார் அவருக்கு ஊதி என்று பேர் வைத்திருந்தார்.

"பெரியவரே, அங்க என்ன கைய விட்டுத் துழாவுறீங்க? தேள் கீள் இருக்கப் போகுது."

"சும்மா பார்க்கறேன்பா."

"ஏதாவது தொலைச்சுட்டீங்களா? சொல்லுங்க, தேடித் தரேன். போன மாசம்கூட பெஞ்சுக்கு அடியில ஒரு டப்பா கிடைச்சது. உள்ள ஒரு நோட்டு, ரப்பர் ஸ்டாம்ப். ஏதோ ஆபீஸ் சாமான் போல. குப்பையில போட்டேன்."

மீட்டர் சாரின் காது மடல் சிவந்துவிட்டது. வாக்கரின் கைப்பிடியை அவர் இறுக்கியதைப் பார்த்து, நான் அவசரமாக "நேரமாச்சு, மாத்திரை சாப்பிடணும்" என்று திருப்பிக் கூட்டிவந்தேன். லிஃப்டுக்குள் வந்ததும் சொன்னார்: "அந்த முத்திரை செதுக்க எனக்குப் பதினேழு நாள் ஆச்சு, சிஸ்டர். ஆபீஸ் சாமானாம்."

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போதுதான் இடம் கிடைத்தது. பூங்காவின் மேற்கு ஓரம் முழுக்க இரும்பு வேலி. ஒன்றரை மீட்டருக்கு ஒரு கம்பம். எல்லாம் ஒரே மாதிரி பச்சை. ஒவ்வொன்றின் தலையிலும் சதுர மூடி. இடுப்பு உயரம், குனிய வேண்டாம். அவர் நடந்துகொண்டே ஒவ்வொரு மூடியையும் சும்மா திருகிப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்பது வருடம் மூடி திறந்த கை. எல்லாம் துருவேறி இறுகியிருந்தன. ஒன்று மட்டும் சுழன்றது.

உள்ளே வெறும் குழாய். எதைப் போட்டாலும் அடிவரை போய்விடும். மறுநாள் மூடியின் உள்பக்கத்தில் நைலான் கயிறு கட்டி, கயிற்றில் டப்பாவைத் தொங்கவிட்டார். மூடியைத் தூக்கினால் கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல டப்பா மேலே வரும். அந்த டப்பா நீளமாக, ஒல்லியாக, அந்தக் குழாய்க்கென்றே செய்தது மாதிரி இருந்தது. அது வீட்டில் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை.

"இனிமே நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க" என்றார். "குறிப்பு எழுதணும். வெளியாளுக்குக் காட்டக் கூடாது."

பூங்கா வாசலருகே குடிநீர்க் குழாய் இருந்தது. அதிலிருந்து தொடங்கி, வேலியோரமாக உதட்டை அசைத்துக்கொண்டே அந்தக் கம்பம்வரை நடந்தார். நான் வெளியாள், என் வேலையைப் பார்த்தேன். தினக்குறிப்புத் தாளில் நடந்த தூரத்தையும் எத்தனை எட்டு வைத்தார் என்பதையும் எழுத வேண்டும், பிசியோதெரபிஸ்டுக்காக. தூரத்துக்குக் கம்பங்களை எண்ணிக்கொள்வேன். எழுதிவிட்டுத் தாளைப் பைக்குள் வைத்தேன்.

அன்று மாலை குறிப்பு பட்டியலில் ஏறியது. இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரவுச் சாப்பாட்டில் குறை சொல்லாமல் சாப்பிட்டார். "என்ன, சிரிப்பெல்லாம் பலமா இருக்கு?" என்று மனைவி கேட்டார். "நடக்கறேன்ல" என்றார்.

இரண்டு நாள் கழித்து முதல் பதில் வந்தது. ஒரு கணவனும் மனைவியும் ஒன்றரை மணி நேரம் தேடியிருக்கிறார்கள். பெட்டி இல்லை.

"கண்ணு தெரியாத ஜென்மங்க" என்றார். மறுநாள் காலை நாங்கள் போய்ப் பார்த்தோம். அவர் நேராக அந்தக் கம்பத்துக்குப் போனார். அதன் தோளில் பெயின்ட் உரிந்த அடையாளம் ஒன்று உண்டு, அவருக்கு அது போதும். மூடியைத் தூக்கினார், டப்பா வந்தது. "இருக்கு பாருங்க! அப்படியே இருக்கு!" வீட்டுக்கு வந்து பட்டியலில் எழுதினார்: பெட்டி இருக்கிறது, தேடத் தெரிந்தவர்கள் தேடவும்.

நாலு நாள் கழித்து இரண்டாவது பதில். ஒரு வங்கி ஊழியர், எழுபது பெட்டி கண்டெடுத்தவர். இல்லை என்று எழுதிவிட்டார். வேலியின் பத்து மூடிகளைத் திருகிப் பார்த்ததில் கையில் கொப்புளம் என்று படம் வேறு போட்டிருந்தார்.

இப்போது இவருக்கு மூச்சு முட்டியது. ஊதிதான் பகலில் எடுத்துவிட்டு மறுபடி வைக்கிறான் என்றார். அதற்கு அவனுக்கு என்ன வேலை என்று கேட்டால், "பொறாமை" என்றார். வங்கி ஊழியருக்கு எண் நான்கின் மேல் கண் என்றார். ரத்த அழுத்தம் பார்த்தேன், நூற்றறுபத்தெட்டு. அன்று மாலை நடையை நிறுத்தினேன். அதற்கும் என்னைத் திட்டினார்.

மூன்று பேர் இல்லை என்று சொன்னால் பெட்டி செத்ததாகக் கணக்கு. மூன்றாவது ஆளாகப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் பல் டாக்டரம்மாவே வருவதாக எழுதினார். மாதத்தின் கடைசி நாள், காலை பத்து மணிக்கு.

"வரட்டும். அந்தம்மாவுக்காவது கண்ணு இருக்கும்" என்றார் மீட்டர் சார்.

ஒன்பதே முக்காலுக்கே போய் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒளித்தவர் பார்த்துக்கொண்டிருக்கலாம், வாய் திறக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. பேச்சிலோ சைகையிலோ வழி சொன்னால் கண்டெடுத்தது செல்லாது. குறிப்பில் பிழை இருந்தால் பட்டியலில் எழுத்து மூலம் திருத்தலாம், காரணத்தோடு. இதையெல்லாம் எனக்கு அப்போதுதான் சொன்னார், நான் ஏதாவது பேசிக் கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில்.

டாக்டரம்மா ஐம்பது வயதிருக்கும். ஓடுகிற ஷூ போட்டிருந்தார். எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல நேராகக் குடிநீர்க் குழாய்க்குப் போனார், கைபேசியில் குறிப்பைப் படித்தார், வேலியோரம் நடக்க ஆரம்பித்தார். நம்ம கம்பத்தைத் தாண்டினார். நிற்கவில்லை. தாண்டி நடந்துகொண்டே இருந்தார்.

"எங்க போறாங்க இவங்க?" மீட்டர் சார் பல்லிடுக்கில் முனகினார். "ஏ அம்மா... தாண்டிட்டியேம்மா..."

"சார், கைய இறக்குங்க."

டாக்டரம்மா வெகுதூரம் போய் ஒரு கம்பத்தருகே நின்றார். மூடியைத் திருகினார். அசையவில்லை. அதன் இரு பக்கமும் உள்ள கம்பங்களைத் திருகினார். எனக்கு என்னவோ உறுத்தியது. இந்த அம்மா தேடத் தெரியாதவர் இல்லை; கையில் கொப்புளம் வந்த வங்கி ஊழியரும் அதே பக்கம்தான் திருகியிருப்பார்.

"குறிப்பைக் காட்டுங்க சார்."

"வெளியாளுக்கு..."

"இன்னும் பத்து நிமிஷத்துல உங்க நம்பர் போகப் போகுது. யாரு வெளியாளு? காட்டுங்க."

காட்டினார்.

*தாகம் தீர்த்த இடத்திலிருந்து சூரியன் விழும் ஓரத்தைப் பிடி. அறுபது தப்படி. தலையில் இருப்பதைக் கழற்று, வணங்கு.*

நான் பையைத் திறந்து பெட்டி வைத்த நாளின் தாளை எடுத்தேன். என் கையெழுத்து: வைத்த எட்டு அறுபது. கம்பம் பன்னிரண்டு. ஒன்றரை மீட்டர் வீதம் பன்னிரண்டு கம்பம் என்றால் பதினெட்டு மீட்டர். பதினெட்டை அறுபதால் வகுக்க எனக்குப் பேனா தேவைப்படவில்லை.

"சார், ஒரு தப்படி எவ்வளவு?"

"முக்கால் மீட்டர். இது என்ன கேள்வி? பட்டியலோட முதல் கூட்டத்துல நான்தான் டேப் வச்சு நடந்து காமிச்சேன். நூறு தப்படி, எழுபத்தஞ்சு மீட்டர். தப்படின்னா மீட்டர் சார் தப்படின்னே விதியில எழுதியிருக்கு. எல்லாரும் அத வச்சுத்தான் நடக்கறாங்க."

"அதான் அந்தம்மா நாப்பத்தஞ்சு மீட்டர் நடந்து முப்பதாவது கம்பத்துல நிக்கறாங்க. உங்க பெட்டி பன்னெண்டாவதுல இருக்கு. இப்ப உங்க தப்படி முப்பது சென்டிமீட்டர்."

என்னை அவர் பார்த்த பார்வையை இத்தனை வருட வேலையில் சில தடவை பார்த்திருக்கிறேன். இனி டயபர் கட்ட வேண்டும் என்று சொல்லும்போது அந்தப் பார்வை வரும்.

"பொய்" என்றார். "கால் உடைஞ்சது எலும்புல. தப்படி எலும்புல இல்ல."

வாதாட நேரமில்லை. கால் வீக்கம் அளக்க வைத்திருக்கும் டேப் என் பையில் இருந்தது. அவரை எழுப்பி வாக்கரைக் கொடுத்தேன். பெஞ்சின் முன்னால் புழுதியில் பத்து எட்டு வைக்கச் சொன்னேன். வைத்தார், வேண்டுமென்றே நீட்டி வைத்தார், முகம் சுருங்கியது. தடங்கள் புழுதியில் வரிசையாக, குழந்தை நடந்ததுபோல நெருக்கமாகக் கிடந்தன. டேப்பின் ஒரு முனையை வாக்கர் சக்கரத்தின் கீழ் வைத்து, மறுமுனையை என் செருப்பு நுனியால் தள்ளித் தள்ளி நேராக்கி, மூன்று தடவை இடம் மாற்றி அளந்தேன். குனிய முடியாத இரண்டு பேர் தரையில் அளப்பதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஊதி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

பத்து எட்டுக்கு மூன்று மீட்டர் இருபது.

"நீட்டி வச்சும் முப்பத்திரண்டு" என்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் டாக்டரம்மா இருபத்தெட்டு, இருபத்தேழு என்று பின்னோக்கித் திருகிக்கொண்டு வந்தார். ஒரு கணம் பன்னிரண்டு வரைக்கும் வந்துவிடுவார் என்று நினைத்தேன். இருபத்தைந்தில் நின்றார். கையை உதறினார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, கைபேசியை எடுத்தபடி வாசல் பக்கம் திரும்பினார்.

"எழுதப் போறாங்க சார். இல்லைன்னு எழுதிட்டா முடிஞ்சுது. திருத்தம் போடுங்க."

"எத்தனை?"

"பதினெட்டு மீட்டர். உங்க பழைய தப்படியில இருபத்து நாலு."

கைபேசியைக் கையில் எடுத்தார். எழுத்துகளை மாற்றி மாற்றி அழுத்தினார். "நீங்களே எழுதுங்க" என்று என்னிடம் நீட்டினார். எழுதினேன்: *அறுபது அல்ல, இருபத்து நாலு.*

"காரணம் போடணுமாமே?"

டாக்டரம்மா வாசலிலிருந்து முப்பது மீட்டரில் இருந்தார்.

"தட்டச்சுப் பிழைன்னு போடுங்க" என்றார்.

போட்டேன். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தேன்.

"இருங்க." அவர் தரையிலிருந்த தடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பது வருஷம் ரீடிங் எழுதினேன். வீட்டுல ஆள் இல்லேன்னா ஆள் இல்லேன்னு எழுதுவேன். நாய் இருந்தா நாய்னு எழுதுவேன். ஒரு நாள்கூட நானா ஒண்ணப் போட்டு எழுதினதில்ல. அத அழிங்க."

"சார், அவங்க வாசல்கிட்ட போயிட்டாங்க."

"அழிங்கன்னா அழிங்க!"

அழித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: *காரணம்: ஒளித்தவருக்கு இடுப்பு ஆபரேஷன். அவருடைய தப்படி இப்போது முக்கால் மீட்டர் இல்லை. முப்பது சென்டிமீட்டர்.*

அனுப்பினேன்.

வாசல் கதவில் கை வைத்திருந்த டாக்டரம்மாவின் கைபேசி ஒலித்தது. படித்தார். இன்னொரு தடவை படித்தார் போலிருக்கிறது, அவ்வளவு நேரம் நின்றார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க மெனக்கெட்டார் என்றுகூடச் சொல்லலாம். திரும்பிக் குழாய்க்கு வந்தார். இருபத்து நாலு வைத்தார். பன்னிரண்டாவது கம்பத்தின் மூடி சுழன்றது, டப்பா கயிற்றில் மேலே வந்தது.

"பாருங்க, பாருங்க, கயிற இழுக்கறத. அறுத்துடப் போறாங்க" என்றார் மீட்டர் சார். "ஸ்டாம்ப மை காயறதுக்கு முன்னாடி மூடறாங்களே! ஈஷிக்கும். ஊதி பார்க்கறான், சிஸ்டர், அவன் பார்க்கறான், முதுக காட்டி நிக்கத் தெரியல..."

எண் நான்கு பிழைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மூடியை அந்தம்மா சரியாக இறுக்கவில்லை என்ற புலம்பல்தான்.

வீட்டில் வேறொரு கச்சேரி காத்திருந்தது. மனைவி இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அது நின்று நான் பார்த்ததே அன்றுதான்.

"பத்து நாளா என் பொத்தான் டப்பாவைக் காணோம். பொத்தானெல்லாம் டம்ளர்ல கிடக்கு. எங்க அது?"

மீட்டர் சார் சுவரில் நான் ஒட்டிய விதிகளைப் படிக்க ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா இப்ப போன் பண்ணினாங்க. உங்க திருத்தத்தைப் பட்டியலே படிச்சுட்டு இருக்காம். ஊருக்கே காரணம் எழுதிக் கொடுத்திருக்கீங்க. முப்பத்தெட்டு வருஷமா என்கிட்ட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தப்பு என்னோடதுன்னு சொல்லியிருப்பீங்களா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூட்டா அக்கா?"

"நடந்தாரே" என்றேன்.

"டப்பா?"

"அது கம்பத்துல இருக்கு" என்றார் மீட்டர் சார். "எடுக்க முடியாது. உயிரோட இருக்கு."

அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது, முன்னைவிட வேகமாக.

அதன் பிறகு எனக்கு அங்கே பத்து நாள் இருந்தது. அவரைக் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. காலையில் எனக்கு முன்னால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தினமும் பத்து எட்டு, தினமும் டேப். முப்பத்திரண்டு, முப்பத்தைந்து, மறுபடி முப்பத்து மூன்று. அந்த முப்பத்து மூன்றுக்கு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. டேப்பை நான் தளர்த்திப் பிடித்தேனாம். வேலையின் கடைசி நாள் நாற்பத்தொன்று வந்தது. தாளில் எழுதிக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தது என் தப்பு.

"இந்த வாரம் நாப்பத்தொண்ணு. அடுத்த வாரம் என்னவோ. இப்படி வாரத்துக்கு ஒண்ணா மாறினா மனுஷன் எப்படிக் குறிப்பு எழுதறது, சிஸ்டர்?"

"கம்பத்தை எண்ணி எழுதுங்க சார். அது மாறாது."

அவர் வாக்கரை ஓர் அடி முன்னால் தள்ளினார்.

"கம்பத்த எவன் வேணா எண்ணுவான்" என்றார்.